இடி விழுந்த மரத்துக்குப் பக்கத்தில்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்னலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தூரத்து வானத்தில் வெட்டும் மின்னலைப் பற்றிப் பேசுவது சுலபம். நான் பேச வந்திருப்பது தரைக்கு இறங்கிவிட்ட மின்னலைப் பற்றி. அதிலும், அது விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதரைப் பற்றி.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கு இது. வெள்ளம், வெயில், குளிர், நிலச்சரிவு என்று அந்த ஆண்டு இயற்கை கொண்டுபோன உயிர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்னலுக்குப் போனவை. புயல் வந்தால் தொலைக்காட்சி இரவு பகலாகப் பேசுகிறது. மின்னல் ஓர் ஊரில் ஒருவர், இன்னோர் ஊரில் இருவர் என்று கொண்டுபோவதால் மறுநாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த நாலு வரியைக் கூர்ந்து படித்துப் பாருங்கள். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள், ஆடு மேய்த்த பெரியவர், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள். பெரும்பாலும் இவர்கள்தான்.

இவர்கள் தலையில் நேரே இடி விழுந்தது என்றுதான் ஊரில் பேசிக்கொள்வோம். மின்னல் காயங்களை ஆராய்ந்த மருத்துவர்களின் மதிப்பீடு வேறு. நேரடியாகத் தாக்கப்படுபவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். ஏறத்தாழ பாதிப் பேரைத் தரை வழியாகப் பரவும் மின்சாரம் தாக்குகிறது. மூன்றில் ஒரு பங்குப் பேர் மீது, மரத்தில் இறங்கிய மின்னல் பக்கவாட்டில் தாவுகிறது. மற்றவர்களும் வேறு வழிகளில் அடிபட்டவர்களே. ஆக, மின்னலால் சாகிறவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பக்கத்தில் இருந்தவர்கள். இதை உங்கள் மனதில் பதிய வைத்துவிட்டால் நான் வந்த வேலையில் பாதி முடிந்தது.

பக்கத்தில் விழுந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கத்தரி வெயில் முடியும் தறுவாயில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. உள்ளே புழுக்கம் தாங்காமல் எல்லோரும் தாழ்வாரத்துக்கு வந்து நின்றோம். பெரிய பெரிய துளியாக நாலு தூறல் போட்டு நின்றுவிட்டது. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு நெட்டைத் தென்னை. எனக்கும் அதற்கும் முப்பதடி இருக்கலாம்.

முதலில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அதோடு ஒட்டிக்கொண்டு, புதுக் காடாத் துணியைக் கிழிப்பது போல ஒரு சரசரப்பு. அது என்ன என்று திரும்புவதற்குள் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கிளை கிளையாகப் பிரியும் மின்னல் கோட்டை நான் பார்க்கவில்லை. தூண், சுவர், சித்தப்பாவின் முகம் எல்லாம் நிழலே இல்லாமல் வெளுத்ததைத்தான் பார்த்தேன். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே இடைவெளி என்பதே கிடையாது. தூரத்து இடியில் கேட்கிற உருட்டலும் கிடையாது. ஒரே ஓர் அறை. அதைக் காதைவிட நெஞ்சுதான் முதலில் வாங்கியது. வெறுங்காலோடு நின்றிருந்தேன். பாதத்தில் சுரீர் என்று ஏறி முழங்கால் வரை மரத்துப்போனது. சித்தி வாயசைப்பது தெரிகிறது, என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. பிறகு மூக்கைக் குத்தும் ஒரு நெடி. ஓசோன் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த வாயுவை அன்றைக்குத்தான் நன்றாக முகர்ந்தேன்.

தென்னையின் குருத்தில் புகை. மட்டைகள் அப்படியே தொங்கிவிட்டன. உச்சியிலிருந்து அடி வரை ஒரு கையகலத்துக்கு மரம் பிளந்து சிராய் தெறித்திருந்தது. காது கொஞ்சம் திறந்த பிறகு கொட்டகையில் கன்று கத்துவது கேட்டது. சித்தப்பா ஓடினார். கறவை மாடு கால் நீட்டி விழுந்து கிடந்தது. அது கட்டியிருந்த முளைக்கும் தென்னைக்கும் நடுவே பத்தடிக்குமேல் இருக்கும். உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தார், ஒரு காயமும் இல்லை. அதை ஒட்டி நின்ற கன்று பிழைத்துவிட்டது. பால் குடிக்கிற குட்டியைப் பிழைக்க விட்டிருக்கிறாள் மாரியாத்தாள் என்றார் சித்தி. அவர் நம்பிக்கையை நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் தாய் ஏன் செத்தது, கன்று ஏன் பிழைத்தது என்பதற்குத் தரைக்குள்ளேயே விடை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் மேலே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இடிமேகத்துக்குள் பனித் துணுக்குகளும் குட்டி ஆலங்கட்டிகளும் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. அந்த மோதலில் மேகத்தின் மேல்பகுதி நேர்மின்னூட்டமும் அடிப்பகுதி எதிர்மின்னூட்டமும் பெறுகின்றன. அடிப்பகுதியிலிருந்து மின்னூட்டம் தரையை நோக்கி இறங்கத் தொடங்கும்போது ஒரே பாய்ச்சலாக வருவதில்லை. சுமார் 50 மீட்டர் தாண்டும், நிற்கும், மறுபடி 50 மீட்டர் தாண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு நொடியை இருபதாயிரம் கூறு போட்டதில் ஒரு கூறு. இப்படி வழி தேடித் தேடி இறங்கும்போது அது நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. தரையை நெருங்கும்போது கீழே உயர்ந்து நிற்கிற ஒவ்வொன்றிலிருந்தும், தென்னை, கோபுரம், கைபேசிக் கோபுரம், வெட்டவெளியில் நிற்கிற மனிதன் என்று எல்லாவற்றிலிருந்தும், ஒரு மின்கீற்று மேல்நோக்கிக் கிளம்புகிறது. நான் கேட்ட 'டிக்' சத்தம் அப்படிக் கிளம்பிய கீற்றுகளில் ஒன்று. எது முதலில் போய்த் தொடுகிறதோ அந்த வழியில் மின்சாரம் பாய்கிறது. தென்னை முந்திக்கொண்டது.

தொட்ட கணத்தில் ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தோடு ஒரு பெரும் வெளிச்சம் தரையிலிருந்து மேலே ஓடுகிறது. நாம் மின்னல் என்று பார்ப்பது இதைத்தான். நம் வீட்டு பிளக் 5 ஆம்பியர், 15 ஆம்பியர். மின்னலில் சாதாரணமாக 30,000 ஆம்பியர் பாய்கிறது. அது ஓடும் பாதை சில சென்டிமீட்டர் அகலம்தான். அங்கே காற்று 30,000 டிகிரி வரை சூடேறுகிறது. சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு. அப்படிச் சூடான காற்று வெடித்து விரிவதுதான் இடி. தூரத்தில் இருப்பவருக்குப் பல கிலோமீட்டர் நீளமுள்ள பாதையின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சத்தம் முன்பின்னாக வந்து சேர்வதால் உருட்டலாகக் கேட்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அறையாகக் கேட்கிறது.

இனி தரைக்கு வருவோம். மரத்தின் வழியே இறங்கிய 30,000 ஆம்பியரும் மண்ணுக்குள் போய் மறைந்துவிடுவதில்லை. வேரடியிலிருந்து நாலாபக்கமும் பரவி ஓடுகிறது. மரத்துக்குப் பக்கத்தில் மின்னழுத்தம் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறையும். ஒரு கால் மரத்துக்குக் கிட்டேயும் இன்னொரு கால் ஓரடி தள்ளியும் இருந்தால் இரண்டு கால்களுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். மின்சாரம் ஒரு கால் வழியே ஏறி மறுகால் வழியே இறங்கும். மனிதனுக்கு இரண்டு கால்கள் வழியே போகும்போது பல சமயம் இதயத்தைத் தொடாமல் போய்விடுவதும் உண்டு. மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே நாலைந்தடி. அந்த வழியில்தான் இதயம் இருக்கிறது. கன்றுக்கு அந்த இடைவெளி குறைவு, அதனால் வாங்கிய அடியும் குறைவு. நார்வே நாட்டின் ஹர்தங்கர்வித்தா என்ற பீடபூமியில் 2016 ஆகஸ்டில் 323 கலைமான்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. இடிமழைக்குப் பயந்து நெருக்கியடித்து நின்ற மந்தை அது. அத்தனை மான்களையும் கொன்றது தரை வழியே பரவிய மின்சாரம்தான்.

பக்கத்தில் நின்றவர்களின் வரலாறு என்று ஒன்று எழுதினால் அதில் முதலில் வரவேண்டியவர் கியார்க் ரிக்மன். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று 1752-இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் சோதித்துக் காட்டிய புதிது. ரிக்மன் தம் வீட்டுக் கூரையில் ஓர் இரும்புக் கம்பியை நட்டு, அதிலிருந்து ஒரு கம்பியை அறைக்குள் இழுத்து, மின்னூட்டத்தை அளக்கும் கருவி ஒன்றோடு இணைத்து வைத்திருந்தார். 1753 ஆகஸ்ட் 6. கழகக் கூட்டத்தில் இருந்தவர் இடிச் சத்தம் கேட்டதும் வீட்டுக்கு ஓடினார். தாம் காண்பதைப் படமாக வரைந்து வைக்கட்டும் என்று சோக்கலோவ் என்ற செதுக்கோவியரையும் கூட்டிக்கொண்டு போனார். அளவைப் பார்க்க ரிக்மன் குனிந்தபோது கருவியிலிருந்து நீலம் கலந்த ஒரு நெருப்புருண்டை அவர் நெற்றியில் பாய்ந்தது என்று சோக்கலோவ் சொன்னார். நெற்றியில் ஒரு சிவந்த புள்ளி. கால் செருப்பு கிழிந்திருந்தது. கதவு நிலை பிளந்திருந்தது. ரிக்மன் அந்த இடத்திலேயே இறந்தார். சோக்கலோவ் தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தார்.

அதே நேரத்தில் ரிக்மனின் நண்பர் லமனோசவ் தம் வீட்டில் அதே சோதனையைச் செய்துகொண்டிருந்தார். அவர் தப்பினார். நண்பரின் சாவைப் பற்றி அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினார். ரிக்மனின் மனைவி மக்களுக்கு ஓய்வூதியம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும், இந்தச் சாவைக் காட்டி அறிவியலுக்கு எதிராக யாரும் பேச விடக்கூடாது என்றும் அதில் வேண்டினார். எனக்கு அந்தக் கடிதத்தின்மேல் தனி மதிப்பு உண்டு. ரிக்மனின் கம்பியில் ஒரே ஒரு குறை: அது தரையில் இறக்கப்படவில்லை. மின்சாரத்துக்குப் போக வழியில்லாமல், பக்கத்தில் நின்ற மனிதரை வழியாக்கிக்கொண்டது. இன்று நாம் கட்டடங்களில் வைக்கும் இடிதாங்கியில் மேலே நிற்கும் கம்பியைவிட மண்ணுக்குள் போகும் கம்பிதான் முக்கியம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கோயிலில் இடிதாங்கி இருந்தால் அந்தக் கீழ்க்கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். செம்புக் கம்பி என்று திருடிக்கொண்டு போயிருந்தால், மேலே இருக்கிற கூர் நமக்கு எதிரி.

நம் காலத்துச் செய்தி ஒன்று. 2021 ஜூலை 11, ஜெய்ப்பூரில் ஆமேர் கோட்டைக்கு எதிரே மலைமேல் உள்ள காவல் கோபுரம். மழையை ரசிக்கவும் படம் எடுக்கவும் ஏறி நின்றவர்கள் மீது மின்னல் விழுந்து 11 பேர் இறந்தார்கள். செல்போன்தான் மின்னலை இழுத்தது என்று அன்று ஊரெல்லாம் பேச்சு. அது தவறு. செல்போன் மின்னலை இழுக்காது. மலை, அதன்மேல் கோபுரம், அதன்மேல் மனிதன் என்கிற உயரம்தான் இழுத்தது. சார்ஜர் ஒயரில் செருகிய போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவது வேறு. அந்த ஒயர் வழியே ஆபத்து வரும்.

கலிபோர்னியாவில் மோரோ பாறை என்ற உச்சியில் 1975 ஆகஸ்டில் எடுத்த ஒரு புகைப்படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அண்ணனும் தம்பியும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். தலைமயிர் எல்லாம் மேல்நோக்கிக் குத்திட்டு நிற்கிறது. அது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. சற்று நேரத்தில் மின்னல் விழுந்தது. தம்பி காயத்தோடு பிழைத்தான். வெட்டவெளியில் தலைமயிர் எழும்பினால், தோல் ஊர்ந்தால், கையில் இருக்கும் உலோகம் ரீங்கரித்தால், உங்கள் உடம்பிலிருந்தே மேல்நோக்கிக் கீற்று கிளம்பத் தயாராகிவிட்டது என்று பொருள். அப்போது ஒரு நொடிகூட நிற்கலாகாது.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியமானது. மின்னல் தாக்கிய எல்லோரும் சாவதில்லை. பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். காது கேளாமை, மறதி, தூக்கமின்மை, தீராத வலி என்று பலருக்குத் துன்பம் தொடர்வதுண்டு. ஆனால் உயிர் இருக்கிறது. மின்கம்பியைத் தொட்டவருக்கு மின்சாரம் நொடிக்கணக்கில் பாய்ந்து உள்ளுறுப்புகளைக் கருக்கிவிடும். மின்னலோ நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நீடிக்கிறது. பெரும்பகுதி நனைந்த தோலின்மேல் ஓடிவிடுகிறது. அதனால்தான் வேர்வை ஆவியாகி, சட்டை கிழிந்து, செருப்பு தெறித்து, ஆள் பிழைப்பதும் நடக்கிறது.

உயிர் போவது பெரும்பாலும் இதயம் நிற்பதால். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மின்னலால் நின்ற இதயம் பல சமயம் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் மூச்சு விடச் சொல்லும் மூளைப்பகுதி அதைவிட அதிக நேரம் செயலற்றுக் கிடக்கும். மூச்சில்லாமல் பிராணவாயு தீர்ந்து, துடிக்கத் தொடங்கிய இதயம் இரண்டாம் முறை நின்றுவிடும். அந்த இடைப்பட்ட நிமிடங்களில் ஒருவர் வாயோடு வாய் வைத்து ஊதினால் அந்த உயிர் திரும்பிவிடக்கூடும். பலர் ஒரே நேரத்தில் விழுந்து கிடக்கும்போது மற்ற விபத்துகளில் முனகுகிறவரைத்தான் முதலில் பார்ப்போம். மின்னலில் இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முனகுகிறவர் மூச்சு விடுகிறார், அவர் பிழைப்பார். செத்தவர் போல் கிடக்கிறாரே, அவரிடம் முதலில் போங்கள். கண்மணி விரிந்திருக்கலாம், கால்கள் நீலம் பாரித்துச் சில்லிட்டிருக்கலாம். மின்னல் தாக்கியவருக்கு இவை சாவின் அடையாளங்கள் ஆகா.

நம் மக்கள் தொடப் பயப்படுகிறார்கள். இடி விழுந்த உடம்பில் கரண்ட் இருக்கும் என்கிறார்கள். இருக்காது. மின்னல் போன அடுத்த கணமே அந்த உடம்பு எந்த உடம்பையும் போன்றதுதான். சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கத்துச் சில கிராமங்களில் தாக்கப்பட்டவரைக் கழுத்து வரை சாணத்தில் புதைத்து வைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. சாணம் எந்த மின்சாரத்தையும் இழுப்பதில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய நிமிடங்களைத்தான் தின்றுவிடுகிறது.

எப்படித் தப்புவது? வெளிச்சம் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வரும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் வயலில் விழலாம். தலைக்கு மேல் மழை இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். மச்சு வீடு, அல்லது கதவு கண்ணாடி அடைத்த பஸ், கார், இவைதான் புகலிடம். ஓலைக் கொட்டகையும் பக்கம் திறந்த தகரக் கூரையும் மழைக்கு ஆகும், மின்னலுக்கு ஆகா. வீட்டுக்குள் போனபின் குழாயை, ஜன்னல் கம்பியைத் தொட வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். அகப்பட்டுக்கொண்டு போக இடமே இல்லை என்றால், ஒருவரைவிட்டு ஒருவர் விலகி, பாதங்களை ஒட்டிவைத்துக் குந்துங்கள், படுக்காதீர்கள். இது காப்பு என்று நான் சொல்ல மாட்டேன்; வேறு வழியில்லாதவர்களின் கடைசி வழி. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்ற செயலியை வைத்திருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் மின்னல் வெட்டினால் எச்சரிக்கும். இங்கே இருக்கும் மாணவர்கள் இன்றைக்கே உங்கள் அம்மா, அப்பத்தா போனில் போட்டுக் கொடுங்கள்.

இடி இடித்தால் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லச் சொல்லிப் பாட்டிமார்கள் நம்மை முற்றத்திலிருந்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் மனதுக்குத் தைரியம் தந்தது. உள்ளே இழுத்த கை உயிரைக் காத்தது. வங்கதேசத்தில் 2016 மே மாதம் இரண்டே நாளில் எண்பது பேருக்கு மேல் மின்னலில் இறந்தபின், அந்த அரசு மின்னலை இயற்கைப் பேரிடராக அறிவித்து, பனை நடச் சொன்னது. உயர்ந்த பனை மின்னலைத் தான் வாங்கிக்கொள்ளும் என்பது எண்ணம். பனை நம் மாநில மரம். நடுவதை நான் வரவேற்கிறேன். ஆனால் பனை உயர்ந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆகும். வளர்ந்தபின்னும் அதன் அடியில் ஒதுங்குகிறவருக்கு அதுவே எமன்.

பண்ணையம் செய்கிறவர்கள் சிலர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இடி கேட்ட பிறகும் நாற்றங்கால்களிலும் நடவு வயல்களிலும் பெண்கள் ஏன் நிற்கிறார்கள்? அவர்களுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பாதியில் கரையேறினால் அரை நாள் கூலி போய்விடும். தூறல் விட்டதும் தொடரலாம் என்று வரப்போரத்துப் புளிய மரத்தடியில் எல்லோரும் ஒன்றாகக் கூடி நிற்கிறார்கள். ஒரே மரத்தடியில் நாலைந்து பேர் இறப்பது இப்படித்தான். ஆகவே முதல் இடி கேட்டதும் நீங்களே குரல் கொடுத்து அவர்களைக் கரையேற்றுங்கள். டிராக்டர் டிரெய்லரில் வேண்டாம். அது திறந்த வண்டி. வயலுக்குக் கிட்டே உள்ள மச்சு வீட்டில் இடம் கொடுங்கள். அந்த நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள்.

மற்ற எல்லோரிடமும் கேட்பது இது: நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முறையை ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, இரண்டு அங்குலம் இறங்கும்படி, நிமிடத்துக்கு நூறு முறைக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் ஒரு மணி நேரத்தில் காட்டிக்கொடுப்பார்கள். மின்னல் தாக்கி யாராவது விழுந்தால், ஒருவர் 108-க்குப் போன் செய்யுங்கள், ஒருவர் அழுத்தத் தொடங்குங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள்.